கையில 10 கார்டு வச்சுக்கிட்டு 12,000 ரூபாய் விட்ட கதை

ஃபோன்லயோ கம்ப்யூட்டர்லயோ கார்டு கேம் ஆட ஆரம்பிக்கப் போறீங்கன்னா, இல்ல ஏற்கனவே ஆரம்பிச்சு "என்னடா இது, நல்ல கார்டு இருந்தும் தோத்துக்கிட்டே இருக்கோம்"னு மண்டை காஞ்சு போய் இருக்கீங்கன்னா, இது உங்களுக்குத்தான். டெக் (ஆட எடுத்துட்டுப் போற கார்டுக் கட்டு) எப்படி கட்டணும், மானாவ (கார்டு போடுறதுக்குக் குடுக்கிற விலை) எப்படி செலவு பண்ணணும், இந்த மாசம் எந்த கிளாஸ் (ஹீரோ வகை) வலுவா இருக்குன்னு சொல்றதுக்கு யூடியூப்ல ஆள் நிறைய இருக்காங்க. ஆனா கையில அதிகபட்சம் எத்தனை கார்டு வச்சுக்கலாம், அதைத் தாண்டி ஒரு கார்டு வந்தா அது எங்க போய் விழும், இந்த ஒரு விஷயத்தை எனக்கு யாரும் உக்கார வச்சு சொல்லல. அது தெரிய வர்றதுக்குள்ள எத்தனையோ ராத்திரித் தூக்கமும், கூட்டிப் பாத்தா 12,000 ரூபாய்கிட்டயும் போயிருச்சு. காசு ரெண்டாவது, அந்த ராத்திரிங்கதான் இன்னும் கடுப்பா இருக்கு.

நான் இருக்கிறது பெங்களூர்ல ஸ்ரீராம்புரம், ஆபீஸ் ஒயிட்ஃபீல்டு பக்கம். க்ரீன் லைன்ல ஏறி மெஜஸ்டிக்ல மாறி, அங்கேந்து பர்ப்பிள் லைன்ல பட்டாந்தூர் அக்ரஹாரா வரைக்கும் போகணும், ஊரோட இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும். அவ்ளோ நேரம் ரீல்ஸ் பாத்தா தலைவலி வருதுன்னுதான் ஹார்ட்ஸ்டோன்ங்கிற கார்டு கேமை இறக்கினேன். 2014ல வந்த கேம், பழசுதான், ஆனா ஒரு டர்னுக்கு 75 செகண்டு, ஒரு மேட்ச் சில ஸ்டேஷனுக்குள்ள முடிஞ்சிரும், ஒரு கையில கம்பியைப் புடிச்சுக்கிட்டே ஆடலாம். கூட ஆட யாரும் இல்ல. ரூம்மேட்டுக்கு கிரிக்கெட் தவிர எதுவும் கேமே கிடையாது, ஆபீஸ்ல இருக்கிறவங்க எல்லாம் ஷூட்டிங் கேம் ஆளுங்க. அதனால எல்லாமே தனியா முட்டி மோதிக் கத்துக்கிட்டதுதான்.

சீட்டாட்டம் பாத்து வளந்தவன் எவனுக்கும் கையில கார்டு நிறைய இருந்தா தெம்பா இருக்கும். எனக்கும் அப்படித்தான். அதனால வார்லாக் கிளாஸைப் பாத்ததும் புடிச்சுப் போச்சு. அதோட ஹீரோ பவர் லைஃப் டேப், 2 மானா குடுத்து 2 டேமேஜ் வாங்கிக்கிட்டா ஒரு கார்டு எடுக்கலாம், ஒவ்வொரு டர்னும் எடுக்கலாம். மத்தவனுக்கெல்லாம் டர்னுக்கு ஒண்ணு, எனக்கு ரெண்டு. இதுல கை நிறைய கார்டு வச்சிருந்தா பலம் ஏறுற கார்டுங்களும் இருக்கு. மவுண்டன் ஜயன்ட்னு ஒண்ணு, 12 மானா விலை, ஆனா கையில இருக்கிற மத்த ஒவ்வொரு கார்டுக்கும் 1 மானா குறையும், எறங்கினா 8/8, அதாவது 8 அட்டாக், 8 ஹெல்த். ட்விலைட் டிரேக்னு இன்னொண்ணு, 4 மானாவுக்கு 4/1ஆ வரும், கையில எத்தனை கார்டோ அத்தனை ஹெல்த் கூடும். இந்த மாதிரி டெக்குக்கு ஹேண்ட்லாக்னு பேரு, பழைய கார்டையும் அனுமதிக்கிற வைல்ட் ஃபார்மட்ல அதைத்தான் கட்டினேன். ஜயன்ட் எபிக்ங்கிற அரிதான ரக கார்டு, ஒண்ணு செய்ய 400 டஸ்ட் (கார்டு செய்யத் தேவைப்படுற கேம் காசு). அதை விட அரிதான லெஜண்டரி ஒண்ணு 1,600. வேண்டாத லெஜண்டரியை உடைச்சா திரும்ப வர்றது 400தான், அதாவது நாலை உடைச்சாத்தான் ஒண்ணு. கைல டஸ்ட் இல்லாதவன் என்ன பண்ணுவான், காசு குடுத்து பேக் (உள்ள என்ன கார்டு வரும்னு தெரியாத பொட்டலம்) வாங்குவான். வாங்கினேன்.

இப்ப ரூலுக்கு வர்றேன். ஹார்ட்ஸ்டோன்ல கையில 10 கார்டுதான் இருக்கலாம். பத்து இருக்கும்போது பதினொண்ணாவதை டிரா பண்ணா அது கைக்கு வராது, ரெண்டு பேருக்கும் தெரியுற மாதிரி மேல வந்து காட்டிட்டு அப்படியே எரிஞ்சு போயிரும். திரும்ப டெக்குக்கும் போகாது. இதுல சிக்கல் எங்கன்னா, டிரா வர்றது டர்ன் ஆரம்பத்துல. உங்க டர்னை 10 கார்டோட முடிச்சீங்கன்னா அடுத்த டர்ன் தொடங்கின உடனே, நீங்க ஒண்ணும் பண்றதுக்கு முன்னாடியே, ஒரு கார்டு காலி. அதனால பேருக்குத்தான் 10, நடைமுறைல டர்ன் முடியும்போது 9. இதை இப்ப ஒரு வரியில எழுதிட்டேன், இது புரியாம எத்தனை கார்டை எரிச்சேன்னு கணக்கே இல்ல.

அந்த டெக்கோட கணக்கையே எடுத்துக்கோங்க, சுவாரசியமா இருக்கும். முதல்ல ஆடுறவனுக்கு ஆரம்பத்துல 3 கார்டு. முதல் டர்ன் டிராவோட 4. ரெண்டாவது டர்ன் 5, டேப் அடிச்சா 6. மூணாவது டர்ன் 7, டேப் அடிச்சா 8. நாலாவது டர்ன் டிரா வந்ததும் 9. அதுல ஒண்ணு ஜயன்ட்னா மத்தது 8, 12ல 8 போனா 4, நாலாவது டர்ன்ல கெடைக்கிறதும் சரியா 4 மானா, அப்பவே 8/8 எறங்குது. வேலையே பண்ணாம கார்டு மட்டும் சேத்தா போதும், கச்சிதமா உக்காருது. இதே ரெண்டாவதா ஆடினா 4 கார்டும் கூட காயின்னு ஒரு போனஸ் கார்டும் குடுப்பாங்க, காயினும் கையில ஒரு இடம், ஆகமொத்தம் 5. முதல் டர்ன் 6, ரெண்டாவது 7, டேப்போட 8, மூணாவது 9, டேப்போட 10. அடுத்த டர்ன் டிரா எரியும். அதே டெக்கு, அதே ஆட்டம், ரெண்டாவதா போனதுக்காக ஒரு கார்டு போகுது. மூணாவது டர்ன்ல டேப்புக்கு 2 போக மிச்சம் 1 மானா இருக்கு, அதுல ஒரு 1 மானா கார்டைப் போட்டிருந்தா கை 9ல நின்னிருக்கும், நாலாவது டர்ன் டிராவும் வந்திருக்கும், ஜயன்டும் 3 மானாவுக்கே எறங்கியிருக்கும். அதனால ரெண்டாவதா ஆடுறப்போ மல்லிகன்ல, அதாவது ஆரம்பக் கையை மாத்திக்கிறப்போ, 1 மானா கார்டைத் தூக்கிப் போட்றாதீங்க. இது எந்த டெக் லிஸ்ட்லயும் எழுதியிருக்காது.

இதெல்லாம் தெரியாமலேயே ஒரு மாதிரி ஜெயிச்சும் தோத்தும் போயிட்டிருந்தேன். அப்ப கோரமங்கலாவுல ஒரு கேமிங் கஃபேல சின்னதா டோர்னமென்ட் மாதிரி வைக்கிறாங்க, நுழைவுக் கட்டணம் 300, வைல்ட் டெக் கொண்டு வரலாம்னு கேள்விப்பட்டு, ஒரு சனிக்கிழமை கெளம்பிப் போனேன். முதல் ரவுண்டு ஜெயிச்சேன். ரெண்டாவது ரவுண்டுல எதிர்ல ஒரு காலேஜ் பையன், பேச்சுலயே தமிழ்ப் பையன்னு தெரிஞ்சுது, கேஜிஎஃப்காரன், படிக்கிறது பெங்களூர்ல. ரோக் கிளாஸ் வச்சிருந்தான். ஆரம்பத்துலேந்து ஒழுங்கா எதுவுமே இறக்கல, நானும் இவனுக்கு கை சரியா வரல போலன்னு நெனச்சு நிம்மதியா டேப் அடிச்சிட்டே இருந்தேன். 9 கார்டோட டர்னை முடிச்சேன். அவன் கோல்ட்லைட் ஆரக்கிள்னு ஒரு கார்டைப் போட்டான், அது வந்தா ரெண்டு பேரும் ஆளுக்கு ரெண்டு கார்டு எடுக்கணும். எனக்கு ஒண்ணு கைக்கு வந்து பத்தாச்சு, இன்னொண்ணு எரிஞ்சுது. உடனே ஷேடோஸ்டெப் போட்டு அதே ஆரக்கிளைக் கைக்குத் திருப்பி எடுத்து மறுபடி போட்டான், ரெண்டு எரிஞ்சுது. என் டர்ன் வந்துது, டிரா, அதுவும் எரிஞ்சுது. ஒரே மூச்சுல நாலு கார்டு. அதுல ஒண்ணு ஜராக்சஸ், கடைசி நேரத்துக்குன்னு நான் நம்பியிருந்த கார்டு. பின்னாடி நின்னு பாத்துட்டிருந்த யாரோ "அய்யோ"ன்னாங்க, காது சூடாயிருச்சு எனக்கு.

இதுக்கு மில் ரோக்னு பேரு. எதிராளிக்குக் கார்டைக் குடுத்தே கொல்றது. கையில எரிச்சு, டெக்கைக் காலி பண்ணி, அப்புறம் ஃபெடீக்ல சாகடிக்கிறது. டெக் முடிஞ்சதுக்கப்புறம் ஒவ்வொரு டிராவுக்கும் 1, 2, 3, 4ன்னு டேமேஜ் ஏறிக்கிட்டே போகும். ஏழு டிராவுல மொத்தம் 28, எட்டாவதுல 36. முழு 30 லைஃப் இருந்தாலும் எட்டு டிராவுல ஆள் காலி. டெக்குல இருக்கிறது 30 கார்டுதான், நான் வேற டர்னுக்கு ரெண்டுன்னு எடுத்து அவன் வேலையில பாதியை நானே செஞ்சு குடுத்துட்டிருந்தேன். முடிஞ்சதும் பையன் கூச்சமாத்தான் சொன்னான்: "அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்கண்ணா, உங்க கை ஒம்போதுல நிக்கிற வரைக்கும் ஆரக்கிளைப் போடாமலே வச்சிருந்தேன். ஏழு இருந்தப்ப போட்டிருந்தா உங்களுக்குத்தான் லாபம்." அவ்ளோதான் சொன்னான், அடுத்த ரவுண்டுக்குப் போயிட்டான். எதிராளி கையில கார்டோட முதுகை எண்ணுறவங்க இருக்காங்கன்னே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். அதுவரைக்கும் நான் என் கையை மட்டும்தான் பாத்திருக்கேன்.

நடந்ததை விட அதுக்கப்புறம் நடந்ததுலதான் காசு போச்சு. அன்னிக்கு ராத்திரி ரூமுக்கு வந்ததும் தூக்கம் வரல, அந்த நாலு கார்டு எரிஞ்சதே கண்ணுல நிக்குது. "இன்னும் வேகமா கார்டு எடுத்து, இன்னும் பெருசா இறக்கியிருந்தா ஜெயிச்சிருப்பேன்"னு மனசு சொல்லுது, இன்னும் டிரா கார்டு வேணும், இன்னும் லெஜண்டரி வேணும். அப்படியே படுத்துக்கிட்டே பேக் வாங்க ஆரம்பிச்சேன். கைரேகை வச்சா போதும், காசு போறதே உறைக்காது. அந்த மாசமும் அடுத்த மாசமும் சேத்து பேக்குக்கு மட்டும் 8,000 கிட்ட. வந்த கார்டுல முக்காவாசி என் டெக்குக்கு ஒத்து வராதது, உடைச்சா டஸ்ட் அதிகபட்சம் கால்வாசி. டெக்குல டிரா கார்டு கூடக் கூட கை இன்னும் சீக்கிரம் நிறைஞ்சு இன்னும் நிறைய எரிஞ்சுதுங்கிறதுதான் கூத்து.

பொறுமையா யோசிச்சா ஒரு விஷயம் புரியும். எரிஞ்ச கார்டு பத்தி நாம படுற வேதனையில பாதி, அது என்ன கார்டுன்னு கண்ணுல காட்டிட்டு எரியுறதாலதான். ஒரு மேட்ச் டெக்கு தீர்றதுக்கு முன்னாடியே முடியுதுன்னா, டெக்கோட அடியில பத்து கார்டு நீங்க பாக்காமலேயே கெடக்கும், அதுல ஜராக்சஸ் இருந்தா யாரும் அழறதில்ல. மேல இருந்து ஒண்ணு எரிஞ்சதும், அடியில ஒண்ணு வராமப் போனதும் கணக்குப்படி ஒண்ணுதான். வேகமா அடிச்சு முடிக்கிற அக்ரோ டெக் ஆடுறீங்கன்னா எரிஞ்சதைப் பத்திக் கவலையே படாதீங்க, ஆடிட்டே போங்க. எரியறது நெஜமாவே வலிக்கிற இடம் மூணுதான். ஒண்ணு, காம்போ டெக், ரெண்டு குறிப்பிட்ட கார்டு சேந்தாத்தான் ஜெயிக்க முடியும்னா அதுல ஒண்ணு போனா ஆட்டமே போச்சு. ரெண்டாவது, ஃபெடீக் வரைக்கும் இழுக்கிற கன்ட்ரோல் டெக், அங்க ஒவ்வொரு கார்டும் எண்ணிக்கை. மூணாவது, அந்தக் கார்டை எடுக்க நீங்க மானாவும் லைஃபும் குடுத்திருக்கீங்க, டேப் அடிச்சு எரிச்சீங்கன்னா 2 மானா, 2 லைஃப், கார்டு மூணுமே நஷ்டம். என் விஷயத்துல மூணாவதுதான் தெனமும் நடந்துட்டிருந்துது, நான் கவலைப்பட்டதோ ஜராக்சஸுக்கு.

நடுவுல இன்னொரு கூத்து. ஒரு சேட் குரூப்ல ஒருத்தர், ஹை ரேங்க் பிளேயர், கோச்சிங் குடுக்கிறேன், உங்க மேட்சைப் பாத்து தப்பெல்லாம் சொல்றேன்னு வந்தாரு. 1,500 ரூபாய் முன்பணம், யூபிஐல போட்டேன். ஒரு நாள் அரை மணி நேரம் கால்ல வந்து "கர்வ்ல ஆடுங்க புரோ" (ஒவ்வொரு டர்னும் இருக்கிற மானாவுக்கு ஏத்த கார்டைப் போடுங்கன்னு அர்த்தம்) மாதிரி பொதுவா நாலு வார்த்தை, அப்புறம் ஒரு டெக் கோட் அனுப்பினாரு, அதுக்கப்புறம் மெசேஜ் போனா ஒத்த டிக்குதான். அந்த கோட் எங்க வேணா ஃப்ரீயா கெடைக்கிறது. டெக் கோடை காப்பி பண்ணிட்டு கேம்ல புது டெக்னு போனா அதுவே கேக்கும், இதை ஏத்தவான்னு, அதுக்கு யாருக்கும் பைசா குடுக்க வேண்டியதில்ல. காசு குடுத்து யார்கிட்டயாவது கத்துக்கணும்னே இருந்தா, முன்னாடியே உங்க தோத்த மேட்ச் ஒண்ணை ரெக்கார்டு பண்ணி அனுப்பி, எந்த டர்ன்ல எதை மாத்திப் பண்ணியிருக்கணும்னு ஒரே ஒரு பதில் கேளுங்க. அதுக்கு ஒழுங்கா பதில் வந்தா மேற்கொண்டு பேசுங்க.

சரி, ஹார்ட்ஸ்டோன்ல இப்ப நான் எப்படி ஆடுறேன்னு சொல்லிட்றேன். சாதாரண எதிராளின்னா டர்ன் முடியறப்ப 8, அதிகபட்சம் 9. எதிர்ல ரோக் உக்காந்து ஆரம்பத்துல ஒண்ணும் இறக்காம சும்மா இருந்தான்னா 6, 7க்கு மேல வச்சுக்கிறதில்ல, வேண்டாத கார்டா இருந்தாலும் சும்மா இறக்கி விட்டுருவேன். முதல்ல டிரா பண்ணு, அப்புறம் யோசின்னு எல்லாரும் சொல்லுவாங்க, கையில 5, 6 இருக்கிற வரைக்கும் அது சரி, ஏன்னா என்ன வரும்னு தெரிஞ்சுக்கிட்டு முடிவெடுக்கலாம். 9 தாண்டினா அது தலைகீழ், முதல்ல கையைக் காலி பண்ணிட்டுத்தான் டிரா. இன்னொண்ணு நிறைய பேர் கேக்குற சந்தேகம், 10 கார்டு இருக்கும்போது டிரா பண்ற கார்டைப் போடலாமான்னு. போடுற கார்டு முதல்ல கையை விட்டுப் போகும், அப்ப கையில 9, அதனால ஒரு கார்டு எடுக்கிறது தாராளமா உள்ள வரும், ரெண்டு எடுக்கிறதுன்னா ஒண்ணு எரியும். டிஸ்கவர் பண்ணி (காட்டுற கார்டுல ஒண்ணைத் தேர்ந்தெடுத்து) வர்றது, வேற கார்டு கையில சேத்துக் குடுக்கிறது எல்லாத்துக்கும் இடம் வேணும், கை நிறைஞ்சிருந்தா அதுவும் கெடைக்காது. விதிவிலக்கும் இருக்கு, வால்ட்ரிஸ் ஃபெல்கோர்ஜ்னு ஒரு வார்லாக் லெஜண்டரி, அதைப் போட்டா லிமிட் 12 ஆகும், அப்புறம் நாலு கார்டு டிரா ஆகும். 2019 டிசம்பர்ல வந்த செட், என்கிட்ட இல்ல, இனிமே வாங்கவும் போறதில்ல.

பர்ப்பிள் லைன்ல போறவங்களுக்கு மட்டும் ஒரு தனிக் குறிப்பு. எம்.ஜி. ரோடு தாண்டி கப்பன் பார்க் வரும்போது ட்ரெயின் மேலேந்து கீழ இறங்கும், அங்கேந்து மெஜஸ்டிக் தாண்டுற வரைக்கும் சுரங்கம்தான். என் சிம்முக்கு அந்த இடத்துல நெட்வொர்க் வரும், போகும். நெட் போனாலும் டர்ன் டைமர் நிக்காது, அது பாட்டுக்கு ஓடி முடிஞ்சிரும், கையில எதுவும் போடாம டர்ன் முடிஞ்சா அடுத்த டிரா வந்து எரியும். அதனால ட்ரினிட்டி ஸ்டேஷன் வரும்போதே கையைக் கொஞ்சம் எளச்சு வச்சுக்குவேன். சிரிக்காதீங்க, நெஜமா இதுல ரெண்டு மூணு மேட்ச் மிச்சமாயிருக்கு.

ஹார்ட்ஸ்டோன் மேல கோவம் வந்து மேஜிக் அரீனாங்கிற இன்னொரு கார்டு கேமுக்குத் தாவினேன், அங்க வேற விதமா அடி. மேஜிக்ல கை லிமிட் 7. ஆனா எதுவும் எரியாது. உங்க டர்ன் முடியுற நேரத்துல மட்டும்தான் எண்ணுவாங்க, ஏழுக்கு மேல இருந்தா எதைப் போடணும்னு நீங்களே பாத்து ஏழாக் கொறைக்கணும். எனக்கோ ஹார்ட்ஸ்டோன் பயம், கை நிறைஞ்சிருமேன்னு பதறிப் பதறி ஒவ்வொரு டர்னும் கையில இருக்கிறதையெல்லாம் கொட்டினேன். எதிராளியோட ஸ்பெல்லைத் தடுக்க வச்சிருக்க வேண்டிய கவுன்டரைக் கூட மானாவை வீணாக்கக் கூடாதுன்னு கண்ட இடத்துல செலவு பண்ணிட்டேன். அங்க தேவையே இல்லாத பயம் அது. எட்டாவது கார்டு வந்தா கையில இருக்கிறதுலயே மட்டமானதைத் தூக்கிப் போட்டாப் போதும், பெரும்பாலும் அது உபரியா வந்த லேண்டாத்தான் (மானா குடுக்கிற கார்டு) இருக்கும். அதுக்காகவே ஆட்டத்தோட பின்பாதியில வர்ற லேண்டையெல்லாம் உடனே இறக்காம ஒண்ணு ரெண்டைக் கையில வச்சுக்கிறது நல்லது, கீழ போடவும் ஆச்சு, எதிராளியும் என்னமோ வச்சிருக்கான்னு பயப்படுவான்.

அரீனாவுல இன்னொரு நுணுக்கம் இருக்கு, தெரிஞ்சப்ப ரொம்ப சந்தோசமா இருந்துது. எண்ணிக்கை பாக்கிறது உங்க டர்ன் முடிவுல மட்டும்தாங்கிறதால, எதிராளியோட டர்ன்ல உங்க கையில எட்டு இருந்தாலும் பத்து இருந்தாலும் யாரும் கேக்க மாட்டாங்க. இன்ஸ்டன்ட்டா, அதாவது எதிராளி டர்ன்லயும் போட முடியுற மாதிரி, டிரா பண்ற கார்டு இருந்தா உங்க டர்ன்ல போடாதீங்க, எதிராளி டர்ன் முடியப் போற நேரத்துல போடுங்க. உடனே உங்க டர்ன் வரும், லேண்டெல்லாம் நிமிரும், எடுத்த கார்டை இறக்க முழு மானா கெடைக்கும், அதுக்கப்புறம்தான் ஏழு கணக்கு. ஆரம்பக் கையும் இங்க 7தான், புடிக்கலன்னா மல்லிகன் பண்ணலாம், மறுபடி ஏழு எடுத்துட்டு எத்தனை தடவை மாத்தினீங்களோ அத்தனை கார்டை டெக்குக்கு அடியில வைக்கணும். 2019லேந்து இதுதான் முறை. ஆனா காசு விஷயத்துல அரீனா இன்னும் கவனமா இருக்க வேண்டிய இடம், டஸ்ட் கெடையாது, கார்டை உடைச்சு வேற கார்டு செய்ய முடியாது. வைல்ட்கார்டுன்னு ஒண்ணு குடுப்பாங்க, அதே ரகத்துல வேணுங்கிற கார்டா மாத்திக்கலாம், ஒரு தடவை மாத்திட்டா மாத்தினதுதான். நான் டிரா கார்டா பாத்துப் பாத்து ரேர் வைல்ட்கார்டை எல்லாம் கரைச்சு, அப்புறம் பேக் வாங்கி, இங்க ஒரு 2,500 போச்சு. டெக்குல இருக்கிறதெல்லாம் டிரா, ஜெயிக்கிறதுக்குக் கார்டு இல்ல. கையில ஏழு, போர்டுல பூஜ்யம்.

மத்த கேமுங்களை நான் காசு போடாமத்தான் ஆடிப் பாத்தேன், அதனால சுருக்கமா சொல்றேன். மார்வெல் ஸ்னாப்ல டெக்கே 12 கார்டுதான், கை லிமிட் 7. நிறைஞ்சா எரியாது, டிரா வராது, கார்டு டெக்குலயே இருக்கும். டெவில் டைனோசார்னு ஒரு கார்டு, கையில இருக்கிற ஒவ்வொரு கார்டுக்கும் பவர் ஏறும், அதை வச்சு ஆடுறவங்க கையை வேணும்னே ரொப்பி வைப்பாங்க, அங்க நிறைஞ்ச கைதான் ஆயுதம். போக்கிமான் பாக்கெட் 2024 அக்டோபர்ல வந்தது, டெக் 20 கார்டு, கை லிமிட் 10, அதுக்கு மேல டிரா ஆகாது. அங்க பயப்பட வேண்டியது லிமிட்டுக்கு இல்ல, ரெட் கார்டுன்னு ஒண்ணு இருக்கு, எதிராளி கையை மொத்தமா டெக்குல கலக்கி மூணு கார்டு மட்டும் எடுக்க வச்சிரும். பெரிய கையா சேத்து வச்சிருக்கிறவனுக்குத்தான் அது வலிக்கும், அதனால இறக்க முடிஞ்சதை அப்பப்ப இறக்கிட்றதே மேல். மாஸ்டர் டூயல்ல கை லிமிட் 6, மேஜிக் மாதிரியே டர்ன் கடைசியில கொறைக்கணும், ஆனா அந்த கேம்ல கிரேவ்யார்டுல (தூக்கிப் போட்ட கார்டு போய்ச் சேர்ற இடம்) இருக்கிற கார்டே பாதி வேலையைச் செய்யும், அதனால தூக்கிப் போடுறதையே லாபமா மாத்துற ஆளுங்க நிறைய. ரூனெட்டெராவுல 10, தாண்டினா அழிஞ்சு போகும், ஹார்ட்ஸ்டோன் பழக்கம் அப்படியே செல்லும்.

இதுல என் மனசுக்குப் புடிச்சது க்வென்ட்தான். மூணு ரவுண்டு, ரெண்டு ஜெயிக்கணும். ஆரம்பத்துல 10 கார்டு, லிமிட்டும் 10. ரெண்டாவது ரவுண்டுக்கும் மூணாவது ரவுண்டுக்கும் முன்னாடி மூணு மூணு கார்டு வரும், அவ்ளோதான், டர்னுக்கு டர்ன் டிரா கெடையாது. அதனால முதல் ரவுண்டுல பாஸ் பண்ணும்போது, அதாவது இந்த ரவுண்டுல இனி கார்டு போடலன்னு நிறுத்தும்போது, கையில 7 இருக்கணும். எட்டோ ஒம்போதோ வச்சுக்கிட்டு பாஸ் பண்ணா, லிமிட்டைத் தாண்டுற டிரா கைக்கு வராம கார்டு மாத்திக்கிற வாய்ப்பா ஆயிரும். முழுசா வீண்னு சொல்ல முடியாது, ஆனா எதிராளிக்கு ஒண்ணோ ரெண்டோ கார்டு கூடுதலா போகும், அந்த கேம்ல ஒரு கார்டு கூடுதல்ங்கிறது சில நேரம் மேட்சையே மாத்திரும். எங்க ஆபீஸ்ல கிருஷ்ணகிரிக்காரர் ஒரு சீனியர் அண்ணா இருக்காரு, இந்த ஏழு கணக்கை அவருக்கு ஒரு டீ குடிக்கிற நேரத்துல சொன்னேன், அடுத்த நாள் மதியம் என்னையே ஜெயிச்சுட்டு "தம்பி, இது நல்லா இருக்கேப்பா"ன்னாரு. புதுக் கார்டு விடுறதை 2023 கடைசியில நிறுத்திட்டாங்க, அதுவும் ஒரு வகையில நல்லதுதான், பேக் வாங்கணும்ங்கிற அரிப்பு இல்ல.

காசுக்கு நான் போட்டுக்கிட்ட கட்டு என்னன்னா, ப்ளே ஸ்டோர்ல பேமென்ட்ஸ் பக்கத்துல மாசாந்திர பட்ஜெட் வைக்கலாம், 300 ரூபாய் வச்சிருக்கேன். ஆனா அது எச்சரிக்கை மட்டும்தான் குடுக்கும், தடுக்காது, அதை நம்பி இருந்துறாதீங்க. அதனால ஒவ்வொரு வாங்கலுக்கும் பாஸ்வேர்டு கேக்குற மாதிரி மாத்தி, கைரேகையை எடுத்துட்டு, பாஸ்வேர்டை நீளமா வச்சிருக்கேன். ராத்திரி ஒரு மணிக்கு தோத்த கடுப்புல அவ்ளோ நீளத்தை டைப் அடிக்கப் பொறுமை இருக்காது. தோத்த அன்னிக்கு பேக் வாங்குறதில்ல, வாங்கணும்னா ஜெயிச்ச அன்னிக்கு, ஜெயிச்ச அன்னிக்கு ஏனோ வாங்கவும் தோணாது.

புதுசா எந்தக் கார்டு கேம் இறக்கினாலும் முதல் வேலையா கம்ப்யூட்டரோட மோதுற பயிற்சி ஆட்டத்துக்குப் போய்ருங்க, பெரும்பாலும் எல்லா கேம்லயும் இருக்கும், அரீனாவுல ஸ்பார்க்கின்னு ஒரு கம்ப்யூட்டர் எதிராளியே இருக்கு. அங்க ஒரு கார்டும் போடாம சும்மா டர்னை மட்டும் முடிச்சுக்கிட்டே வாங்க. எத்தனையில கை நிக்குது, அடுத்தது எரியுதா, டெக்குலயே தங்குதா, உங்களையே போடச் சொல்லுதா, எந்த நேரத்துல கேக்குதுன்னு பாத்துக்கோங்க. டெக் தீர்ற வரைக்கும் விட்டுப் பாத்தீங்கன்னா அதுக்கப்புறம் என்ன ஆகுதுன்னும் தெரிஞ்சிரும், மேஜிக்ல காலி டெக்குலேந்து டிரா பண்ண வேண்டி வந்தாலே தோத்தாச்சு, ஹார்ட்ஸ்டோன் மாதிரி கொஞ்சம் கொஞ்சமா அடிக்காது. கொஞ்ச நேர வேலை, பைசா செலவில்ல. பேக் வாங்குற பக்கத்தை அதுக்கப்புறம் தொறந்தாப் போதும்.